வேலி போட்டது யார்?
இந்தோனேசிய மலைவிவசாயிகளும் 'கிராமம்' என்னும் கதையாடலும்

1

கிராமத்தைப் பற்றி நம்மிடம் இரண்டு கதைகள்தான் இருக்கின்றன. கிராமம் தன்னளவில் நிறைவான ஒரு சிறு குடியரசு, வெளியிலிருந்து வந்தவன் (வெள்ளைக்காரனோ வட்டிக்காரனோ கம்பெனிக்காரனோ அரசாங்கமோ) அதைக் கெடுத்துவிட்டான் என்பது முதல் கதை. கிராமம் ஒரு தேங்கிய குட்டை, ரோடும் கரண்டும் பள்ளிக்கூடமும் சந்தையும் போய்ச் சேர்ந்தால் உருப்பட்டுவிடும் என்பது இரண்டாவது. முதல் கதையைச் சொல்றவங்களும் இரண்டாவது கதையைச் சொல்றவங்களும் மேடைக்கு மேடை மோதிக்கொள்கிறார்கள். ஆனா ரெண்டு பேரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிற அனுமானம் ஒன்று உண்டு. கிராமம் என்பது எல்லை போட்டுப் பிரித்த ஒரு முழுமை. மாற்றம் என்று ஒன்று வந்தால் அது எல்லைக்கு அப்பாலிருந்துதான் வர முடியும்.

இந்த அனுமானத்தை உரசிப் பார்க்க இந்தோனேசியா தோதான இடம். ஜாவாவின் கிராமம் அளவுக்குக் கோட்பாட்டாளர்கள் போட்டிபோட்டுக்கொண்டு விளக்கிய கிராமம் உலகத்தில் குறைவு. காலனிய அதிகாரி, தேசியத் தலைவர், கம்யூனிஸ்ட், அமெரிக்க மானுடவியலாளர், ராணுவ ஆட்சியின் திட்ட வல்லுநர் என்று ஆளாளுக்கு ஒரு கிராமத்தைக் கட்டி எழுப்பினார்கள். அதே நாட்டில், சுலவேசித் தீவின் மலைச்சரிவுகளில், எந்தக் கோட்பாட்டுக்கும் அடங்காத ஒன்று 1990களில் நடந்தது. கம்பெனி வரவில்லை. அரசாங்கம் யாரையும் விரட்டவில்லை. ஜமீன்தாரும் கிடையாது. இருந்தும் இருபது வருஷத்துக்குள் கணிசமான பேர் நிலமற்றவர்களாகிவிட்டார்கள். வேலி போட்டது யார் என்கிற கேள்விக்கு அங்கே கிடைக்கிற பதில் மேற்சொன்ன இரண்டு கதைகளையுமே சங்கடப்படுத்துவது. அதற்குப் போகுமுன் ஜாவாவைக் கொஞ்சம் சுற்றிவிட்டுத்தான் போகவேண்டும்.

2

1811 ஆகஸ்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ஜாவாவில் இறங்கியது. ஹாலந்து அப்போது நெப்போலியன் கையில். படையோடு போனவர்களில் ஒருவர் கர்னல் காலின் மெக்கன்சி. நமக்குத் தெரிந்த அதே மெக்கன்சிதான். மைசூரை அளந்தவர், தென்னிந்தியா முழுக்க ஆள் வைத்து ஓலைச்சுவடிகளையும் கைஃபீயத்துகளையும் திரட்டியவர். சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இன்றும் அவர் பெயரில் ஒரு தொகுப்பு உண்டு. ஜாவாவின் நிலவுடைமை முறையை ஆராய 1812இல் அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். லெப்டினன்ட் கவர்னர் ராஃபிள்ஸின் மேசையில் இருந்த கேள்வி சென்னை ராஜதானியில் மன்றோவின் மேசையில் இருந்த அதே கேள்விதான்: நிலம் யாருடையது, வரியை யாரிடம் வாங்குவது?

ராஃபிள்ஸின் பதில்: நிலம் அரசனுடையது, அரசனை ஜெயித்ததால் இப்போது கம்பெனியுடையது, உழுகிறவன் வாடகைதாரன். 1813இல் கிராமத் தலைவர்கள் வழியாகவும், 1814இலிருந்து உழுகிற ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகவும் நிலவாடகை தண்ட உத்தரவாயிற்று. நஞ்சையின் தரத்தைப் பொறுத்து விளைச்சலில் பாதி, ஐந்தில் இரண்டு, மூன்றில் ஒன்று. புஞ்சைக்கு ஐந்தில் இரண்டு, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று. நம்மூர் ரயத்துவாரியின் அண்ணன் தம்பி உறவு இதில் வெளிப்படையாகவே தெரிகிறது. நிலத்தை முழுசாக அளக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. 1816இல் ஆங்கிலேயர்கள் தீவை டச்சுக்காரர்களிடம் திருப்பிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆனால் இரண்டு விஷயங்கள் அங்கேயே தங்கிவிட்டன. நிலத்தின் உரிமையாளர் அரசு என்கிற கோட்பாடு ஒன்று. நிர்வாகத்தின் அடிப்படை அலகு 'தேசா', அதாவது கிராமம், என்கிற கருத்தாக்கம் மற்றொன்று.

அதற்கு முன்னால் கிராமம் இல்லையா என்று கேட்கலாம். ஊர் இருந்தது, வீடு இருந்தது, வயல் இருந்தது. ஆனால் மத்தராம் அரசர்கள் தங்கள் பிரபுக்களுக்கு மானியம் கொடுத்தபோது கணக்கிட்டது நிலப்பரப்பை அல்ல, 'சாசா' என்கிற உழைக்கும் குடும்பங்களை. இத்தனை சாசா இன்னாருக்கு என்று எழுதினார்கள். ஆள் பஞ்சமாயிருந்த காலம் அது. நிலம் வேண்டிய மட்டும் கிடந்தது. கொடுமை தாங்கலேன்னா குடிகள் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த பிரபுவிடம் போய்விடுவார்கள். அடைத்துச் சாத்திய, தன்னிறைவான, பழமையான ஜாவா கிராமம் என்பது காலனிய நிர்வாகம் தன் தேவைக்காக உருவாக்கிக்கொண்டது என்று டச்சு சமூகவியலாளர் யான் ப்ரெமன் 1980 வாக்கில் வாதிட்டார். அதை அப்படியே ஏற்காதவர்களும்கூட, கிராமம் என்றென்றைக்குமாக அங்கே இருந்தது என்று அதற்குப் பிறகு எழுதத் தயங்கினார்கள்.

3

1825 முதல் 1830 வரை நடந்த திபோநெகோரோ போர் டச்சுக் கஜானாவைக் காலி செய்தது. 1830இல் வான் டென் போஷ் கொண்டுவந்த சாகுபடி முறை இதற்கான மருந்து. ஒவ்வொரு கிராமமும் தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் கரும்போ அவுரியோ போடணும், அல்லது காப்பி போன்றவற்றுக்கு உழைப்பாகக் கொடுக்கணும். விளைச்சலை அரசாங்கம் தான் வைத்த விலைக்கு எடுத்துக்கொள்ளும். காகிதத்தில் ஐந்தில் ஒன்று. களத்தில் அதைவிட எவ்வளவோ அதிகம். கிராமத் தலைவருக்கு விளைச்சலுக்கேற்ற கமிஷன் உண்டு. 1850களில் ஹாலந்து அரசின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஜாவாவிலிருந்து போயிற்று. ரயில்பாதை போட்டார்கள், கடனை அடைத்தார்கள். அதே சமயத்தில், 1849-50இல், நடு ஜாவாவின் டெமாக், குரோபோகான் பகுதிகளில் ஜனங்கள் பட்டினியால் செத்தார்கள். பதவியை உதறிய டச்சு அதிகாரி ஒருவர் முல்தாதூலி என்ற புனைபெயரில் 1860இல் எழுதிய 'மாக்ஸ் ஹாவெலார்' நாவல் இந்த முறையை ஐரோப்பாவில் நாறடித்தது.

இங்கே கவனிக்கவேண்டியது வேறு. கட்டாய உழைப்பு நிலம் வைத்திருப்பவன் தலையில்தான் விழும். அதனால் என்ன செய்தார்கள்? பல வட்டாரங்களில் கிராமத்து நிலத்தை ஒன்றாக்கி, முறைவைத்துப் பலருக்கும் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொடுத்தார்கள். துண்டு வாங்கினவன் எல்லோரும் உழைக்கக் கடமைப்பட்டவன். பங்கு கூடக்கூடச் சுமை பரவும். இப்படிப் பரவிய கூட்டு நிலவுடைமையைத்தான் பின்னால் வந்த டச்சுச் சட்டவல்லுநர்களும், அவர்களைப் படித்த தேசியவாதிகளும், 'கீழைத்தேய கிராமத்தின் ஆதிப் பொதுவுடைமை' என்று கொண்டாடினார்கள். கசையடிக்குப் பயந்து செய்த ஏற்பாடு கலாச்சாரம் ஆகிவிட்டது.

1870இன் விவசாயச் சட்டம் தனியார் தோட்ட முதலாளிகளுக்குக் கதவைத் திறந்தது. அதோடு சேர்ந்து வந்த பிரகடனம் ஒன்று: யாருக்குச் சொந்தம் என்று நிரூபிக்கப்படாத நிலம் எல்லாம் அரசின் சொத்து. ராஃபிள்ஸின் கோட்பாடு இப்போது சட்ட வாசகமாகிவிட்டது. இடம் மாற்றி மாற்றி உழுகிற மலைக்குடிகள் எதை வைத்து நிரூபிப்பார்கள்? சுதந்திர இந்தோனேசியாவும் இதைக் கைவிடவில்லை. 1967இன் வனச்சட்டத்துக்குப் பிறகு நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் 'வனம்' என்று வரைபடத்தில் பச்சையடிக்கப்பட்டது. அதில் மரம் இருந்ததா, மக்காச்சோளம் இருந்ததா, மனுஷன் இருந்தானா என்பது வரைபடக்காரர்களுக்கு முக்கியமில்லை.

4

1952 முதல் 1954 வரை கிழக்கு ஜாவாவின் பாரே என்கிற சிற்றூரில் க்ளிஃபோர்ட் கீர்ட்ஸ் களப்பணி செய்தார். எழுத்தில் அதற்கு 'மோஜோகுத்தோ' என்று புனைபெயர். 1963இல் வெளிவந்த அவருடைய 'விவசாய உட்சுருளல்' சொன்னது இதுதான்: நஞ்சை நிலம் எத்தனை கை இறங்கினாலும் கொஞ்சம் கூடுதலாக விளையக்கூடியது, ஜாவாவின் ஜனத்தொகை பெருகப்பெருக வேலையையும் விளைச்சலையும் நுணுக்கமாகப் பகிர்ந்துகொண்டே போனார்கள், அதனால் வர்க்கம் பிரியவில்லை, 'பகிரப்பட்ட வறுமை'தான் மிஞ்சியது. அழகான கதைதான். படிக்கிறவர்கள் மயங்கினார்கள்.

ஆனால் அந்தப் புத்தகம் அச்சேறிய அதே நேரத்தில் ஜாவாவின் வயல்களில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1960இன் அடிப்படை விவசாயச் சட்டம் நில உச்சவரம்பைப் பேசியது, அமலாகவில்லை. கம்யூனிஸ்ட் கட்சியும் அதன் விவசாயிகள் சங்கமும் 1964இல் 'ஒருதலைப்பட்ச நடவடிக்கை' என்று அறிவித்து நிலத்தில் இறங்கினார்கள். பகிர்ந்துகொண்டு வாழ்வதாகச் சொல்லப்பட்டவர்கள் வரப்பில் நின்று மோதிக்கொண்டார்கள். 1965 அக்டோபரிலிருந்து சில மாதங்களில் நடந்த படுகொலைகளில் குறைந்தது 5 லட்சம் பேர் மாண்டதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். நடு ஜாவா, கிழக்கு ஜாவா, பாலி ஆகியவை மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவை. பாரே அடங்கிய கெதிரி வட்டாரமும் அவற்றுள் ஒன்று. நிலத்தைப் பற்றிப் பேசினவன் கம்யூனிஸ்ட், கம்யூனிஸ்ட் என்றால் சாவு என்பது கிராமத்து நினைவில் எழுதப்பட்டுவிட்டது. பேரப்பிள்ளைகள் வரைக்கும் 'சுத்தமான சூழல்' சான்று கேட்டார்கள். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த ஒரு ஜனக்கூட்டத்தின் அமைதியை 'இணக்கப் பண்பாடு' என்று எழுதிய பக்கங்கள் எத்தனை!

இந்த அமைதியின் மீதுதான் பசுமைப் புரட்சி நடத்தப்பட்டது. சுகார்த்தோ ஆட்சியில் கிராம மக்கள் 'மிதக்கும் திரள்'. தேர்தல் காலம் தவிரக் கட்சிகள் கிராமத்துக்குள் நுழையக்கூடாது. 1979இன் கிராம நிர்வாகச் சட்டம் தீவுக்குத் தீவு வேறுபட்ட ஊர் அமைப்புகளை எல்லாம் ஒரே அச்சில் 'தேசா' ஆக்கியது. குட்டை ரக நெல், யூரியா, கடன், பூச்சிமருந்து எல்லாம் ஒரே பொட்டலமாக வந்தன. 1984இல் அரிசியில் தன்னிறைவு என்று அறிவிப்பு. அதற்குள் ஒரு தடவை புகையான் பூச்சி வயல்களைச் சூறையாடியிருந்தது. மறுபடியும் வந்தபோது, 1986இல், 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தெளிக்கக்கூடாதென்று தடை போட்டார்கள். மருந்து அடித்து அடித்துத்தான் புகையான் பெருகிற்று என்பது அதற்குள் உறுதியாகியிருந்தது.

கூலி விஷயத்தில் நடந்தது இன்னும் நுட்பமானது. ஜாவாவில் அறுப்பு பெண்கள் வேலை. உள்ளங்கைக்குள் அடங்கும் 'அனி-அனி' என்கிற சிறு கத்தியால் கதிர் கதிராகக் கொய்வார்கள். யார் வேணும்னாலும் வந்து அறுக்கலாம். அறுத்ததில் பங்கு எடுத்துக்கொள்ளலாம். குட்டை ரகம் வந்ததும் அரிவாள் வந்தது. விளைந்த பயிரை அறுப்புக்குச் சில நாள் முன்னால் அப்படியே வியாபாரிக்கு விற்கிற 'தெபாசான்' பரவியது. அவன் தன் ஆட்களோடு வந்து அரிவாளால் சீக்கிரம் முடித்துவிட்டுப் போய்விடுவான். பங்கு கேட்டு வந்த அக்கம்பக்கத்துப் பெண்களைத் திருப்பியனுப்பும் அவச்சொல் நிலக்காரனுக்கு இல்லை. 1970களின் தொடக்கத்தில் சின்ன சின்ன ரைஸ்மில்கள் முளைத்தன. உரலில் நெல் குத்திச் சம்பாதித்த பெண்களின் கூலி போச்சு. பகிரப்பட்ட வறுமையில் பகிர்தல் போய் வறுமை மட்டும் பாக்கி. பெஞ்சமின் வைட் போன்றவர்கள் கீர்ட்ஸுக்கு எழுதிய மறுப்புகள் எல்லாம் இந்த வயல்களிலிருந்து வந்தவைதான்.

இதுவரை சொன்னதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. எல்லா இடத்திலும் குற்றவாளியை அடையாளம் காட்ட முடிகிறது: ராஃபிள்ஸ், வான் டென் போஷ், ராணுவம், உரக் கம்பெனி, வியாபாரி. மலைக்குப் போனால் இந்தச் சௌகரியம் கைநழுவிவிடுகிறது.

5

சுலவேசியின் வரைபடம் நாலு கை விரித்த பூச்சி மாதிரி. வடக்குக் கையின் கழுத்துப் பகுதி மிகவும் ஒடுக்கமானது. ஒரு பக்கம் தோமினி வளைகுடா, மறுபக்கம் மக்காசார் நீரிணை, நடுவில் செங்குத்தான மலை. வளைகுடா ஓரமாகத் தென்னை நிற்கிற மெல்லிய கரைப்பகுதி. அதிகாரபூர்வமான 'தேசா'க்களும் அலுவலகமும் பள்ளிக்கூடமும் கடையும் எல்லாம் கரையில்தான். மலைமேல் லௌஜே மொழி பேசும் குடிகள் சரிவுகளில் சிதறி வாழ்கிறார்கள். கரையில் இருப்பவர்களும் பெரும்பாலும் லௌஜேக்கள்தான்; ஆனாலும் மேலே இருப்பவனைக் கரைக்காரன் நாகரிகமில்லாதவன் என்பான். கனடிய மானுடவியலாளர் டானியா முர்ரே லீ 1990இலிருந்து 2009 வரை திரும்பத் திரும்ப இந்த மலைக்குப் போய்வந்து, 2014இல் 'நிலத்தின் முடிவு' என்கிற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். இனவரைவியலில் இருபது வருஷம் என்பது அபூர்வம். ஒரு தடவை போய்வந்தவர் காண்பது ஒரு நிலைமை. அவர் கண்டது ஒரு நிகழ்வு.

மேலே விளைந்தவை மலைநெல், மக்காச்சோளம், மரவள்ளி, கிழங்குகள். விற்பனைக்குப் புகையிலை, பிறகு சின்ன வெங்காயம். ரோடு கிடையாது. சுமையைத் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கி, சந்தையில் விற்று, உப்பும் துணியும் கருவாடும் வாங்கிக்கொண்டு ஏறணும். 'ஒதுங்கிய' கிராமம் என்ற சொல்லை இங்கே ஜாக்கிரதையாகப் பயன்படுத்தவேண்டும். சந்தை இவர்களுக்குப் புதுசு இல்லை. தலைமுறை தலைமுறையாக விற்றவர்கள், வாங்கினவர்கள். ஆனா விலை விழுந்தால் விற்காமல் இருக்க முடிந்தது. சோளத்தையும் கிழங்கையும் தின்றுவிட்டு அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். சந்தை அவர்களுக்கு ஒரு வாய்ப்பாக மட்டுமே இருந்தது, கட்டாயமாக இல்லை.

நிலத்தைப் பற்றிய அவர்களது சட்டம் எளிமையானது. கன்னிக்காட்டை வெட்டித் திருத்தினவனுக்கு அந்த இடம். அவன் உழைப்பு அதில் இருக்கிறது. அவனுக்குப் பிறகு அவன் வாரிசுகள் எல்லோருக்கும் பொது. அறுப்பு முடிந்து தரிசாகக் கிடக்கும்போது வாரிசுகளில் யாரும் அதில் உழலாம். வேற்றாள் கேட்டால் இரவல் கொடுப்பார்கள். மரம் மட்டும் நட்டவனுக்கே சொந்தம். இதைக் கூட்டுடைமை என்று பெயரிட்டுவிட நமக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் லீ கண்டது வேறு. உழைப்பின் பலன் உழைத்தவருக்கே என்பதில் லௌஜேக்கள் படு கறார். ஒரே குடும்பத்தில் புருஷன் தோட்டம் வேறு, பெண்சாதி தோட்டம் வேறு. வளர்ந்த பிள்ளை தனியாக விதைத்தால் அந்த வெங்காயம் அந்தப் பிள்ளையுடையது. தனியுடைமை என்பது முதலாளியம் இறக்குமதி செய்த சரக்கு, ஆதிகுடிகளிடம் அது இல்லை என்கிற நம் பாடம் இங்கே பொருந்தவில்லை.

'நிலம்' என்று பொதுவாகச் சொல்ல அவர்களிடம் ஒரு சொல் இருக்கவில்லை என்பதும் முக்கியம். கன்னிக்காட்டுக்கு ஒரு பெயர், தரிசுக்கு ஒரு பெயர், இன்னார் பாட்டன் வெட்டின சரிவு என்று ஒரு பெயர். 1990களில் 'லோகாசி' என்கிற இந்தோனேசியச் சொல் மலையேறிற்று. லோகாசி என்றால் எல்லை குறித்த ஒரு துண்டு. அளக்கலாம், ஒப்பிடலாம், கை மாற்றலாம். பாட்டன் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்காது. விற்கக்கூடிய ஒன்றுக்கு விற்கத் தோதான ஒரு சொல் வந்து சேர்ந்தது.

6

இந்தச் சொல்லோடு மலையேறியது கோகோ. சுலவேசியின் கோகோ அலையைத் தொடங்கியது பெரும்பாலும் புகிஸ் இனத்துச் சிறுவிவசாயிகள். மலேசியாவின் சபாவில் தோட்டக்கூலிகளாக இருந்தபோது வேலையைக் கற்று, 1970களின் கடைசியிலும் 80களிலும் ஊர் திரும்பி நட்டார்கள். அரசாங்கத் திட்டம் எதுவும் அவர்களை நடச் சொல்லவில்லை. சில பத்தாண்டுகளில் இந்தோனேசியா உலகக் கோகோ உற்பத்தியில் மூன்றாம் இடத்தைப் பிடித்ததற்குக் காரணம் இந்தச் சிறுவிவசாயிகள்தான். 1998 தொடக்கத்தில் ரூபியா சரிந்து, டாலருக்கு 2,500 வாக்கில் இருந்தது 15,000ஐத் தொட்டது. ஜாவாவின் நகரங்களில் வேலையும் அரிசியும் இல்லாமல் கலவரம். ஆனால் டாலர் விலைக்குப் போகும் கோகோவை வைத்திருந்தவனுக்கு அது கொண்டாட்டம். மோட்டார் பைக்கும் டிஷ் ஆன்டெனாவும் வாங்கினார்கள். தேச நெருக்கடி எல்லோருக்கும் ஒரே மாதிரி நெருக்கடியாக இருக்கவில்லை.

லௌஜே மலையில் 1990 வாக்கில் நடத் தொடங்கினார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கரைக்காரர்களைப் பார்த்து அவர்களுக்கும் ஆசை. எத்தனை நாளைக்கு வெங்காயத்தைச் சுமக்கிறது? மரம் நட்டால் வீடு வரும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள், கரைக்காரன் மதிப்பான். இந்த ஆசையை 'நுகர்வு மோகம்' என்று நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு கேலி செய்ய முடியாது. மரியாதைக்கான ஆசை அது.

ஆனால் கோகோ ஒரு மரம். மரம் நட்டவனுடையது. நட்டால் தரிசு என்று ஒன்று இல்லாமல் போகிறது. வாரிசுகளுக்குப் பொதுவாகக் கிடந்த சரிவில் ஒருவன் கன்றை ஊன்றிவிட்டால் அது அவனுக்கே நிலைத்துவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் ரொம்ப நாள் பிடிக்கவில்லை. நாம நடலேன்னா அண்ணன் நட்டுடுவான். அண்ணன் நடலேன்னா சித்தப்பா மகன் நட்டுடுவான். பயம் ஆசையை முந்திக்கொண்டது. சட்டத்தை யாரும் மீறவில்லை. பாட்டன் காலத்து வழக்கப்படிதான் எல்லாம் நடந்தது. அந்த வழக்கமே சில வருஷங்களில் பொதுநிலத்தைத் தின்றுவிட்டது. இரவல் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தவர்களும், ஆள்பலம் இல்லாத விதவைகளும், சின்னப் பிள்ளைகளும், தொலைவில் போயிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தபோது நடுவதற்கு இடமில்லை. காடு எங்கோ உச்சியில் மிச்சம். அங்கே கோகோ வராது.

அடுத்த கட்டம் இன்னும் அமைதியானது. கோகோவைத் தின்ன முடியாது. அரிசியைக் காசு கொடுத்துத்தான் வாங்கணும். விலை விழுந்தாலும் விற்றுத்தான் ஆகணும். வாய்ப்பாக இருந்த சந்தை கட்டாயமாக மாறியது இந்த இடத்தில்தான். காசு உள்ளவன் உரமும் களைக்கொல்லியும் வாங்கினான், அவன் மரம் காய்த்தது. இல்லாதவன் கடன் வாங்கினான். காய்ச்சல், கல்யாணம், சாவு என்று ஒரு செலவு வந்தால் ஒரு லோகாசியை எழுதிக்கொடுத்தான். வாங்கினவன் யார்? சில இடங்களில் கரைக்காரன். பல இடங்களில் சொந்த மச்சான், பக்கத்துத் தோட்டக்காரன், நேற்றுவரை ஒரே சட்டியில் சாப்பிட்டவன். முன்பெல்லாம் நடவுக்குக் கூடி வேலை செய்து கூடிச் சாப்பிட்டார்கள், இப்போது கூலி. அந்தக் கூலியும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கோகோ தழைத்து நிழல் கட்டிவிட்டால் களைகூட அதிகம் இல்லை. மூலதனத்துக்கு நிலம் தேவைப்பட்டது. நிலத்திலிருந்தவர்களின் உழைப்பு தேவைப்படவில்லை. மார்க்ஸ் விவரித்த இங்கிலாந்தில் வேலி போட்டு விரட்டப்பட்டவர்களுக்கு ஆலை என்று ஒன்று, எத்தனை கொடூரமானதாக இருந்தாலும், கடைசியில் இருந்தது. இங்கே அதுவும் இல்லை. மலையில் பிறந்து, எழுத்துத் தெரியாமல், கரையில் ஒரு சிபாரிசுகூட இல்லாத ஒருவருக்கு நகரத்திலோ பனைத்தோட்டத்திலோ யார் வேலை வைத்திருக்கிறார்கள்?

ஏன் கலகம் வரவில்லை? 1964இல் ஜாவாவில் விரல் நீட்டிக் காட்ட ஒரு நிலக்காரன் இருந்தான், பின்னால் ஒரு சங்கமும் இருந்தது. இங்கே நிலம் போனது வழக்கப்படி, உறவுக்குள், துண்டு துண்டாக. யார்மேல் கோபப்படுவது? இழந்தவர்களில் பலர் தங்களைத்தான் நொந்துகொண்டார்கள். நான் சரியா உழைக்கலை, நான் விற்றிருக்கக்கூடாது. உழைப்பே உரிமை என்கிற அவர்களது பழைய அறம் இப்போது தோற்றவனையே குற்றவாளியாக்கியது.

7

எதிர்காலம்? இந்தோனேசிய அரசிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 6ஆம் எண் கிராமச் சட்டம் கிராமங்களுக்குத் தன்னாட்சியையும் பணத்தையும் தந்தது. 2015இல் 20 டிரில்லியன் ரூபியாவுக்கு மேல் நேரடியாகக் கிராமங்களுக்குப் போயிற்று. பின்னர் அது மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஏறத்தாழ 75,000 கிராமங்கள். நடைபாதை, வாய்க்கால், மண்டபம் எழும்பின. நல்லதுதான், சுமை தூக்கி இறங்குகிறவனுக்கு ஒரு சிமென்டுப் பாதை சின்ன விஷயமில்லை. ஆனால் கிராமத்துக்குள் நிலம் யார் கையில் என்கிற கேள்வியை அந்தப் பணம் தொடுவதில்லை. கிராமம் ஒரு முழுமை என்கிற ராஃபிள்ஸ் காலத்து அனுமானத்தின் மேல்தான் அதுவும் நிற்கிறது.

இரண்டாவது பதில் இயக்கங்களிடமிருந்து. 1999இல் உருவான ஆதிகுடிகள் கூட்டமைப்பான அமான் தொடுத்த வழக்கில், வழமைச் சமூகங்களின் காடு அரசின் காடு ஆகாது என்று 2013 மே மாதத்தில் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1870இலிருந்து ஏறியிருந்த கோட்பாட்டில் விழுந்த முதல் பெரிய வெட்டு அது. சுரங்கமும் பனைத்தோட்டமும் நெருக்குகிற இடங்களில் இந்தத் தீர்ப்பு உயிர்மூச்சு. அதில் சந்தேகமில்லை. ஆனால் லௌஜே மலையில் 'சமூகம்' என்று யாரிடம் நிலத்தைத் திருப்பித் தருவது? ஏற்கெனவே பிரித்து நட்டு விற்றுவிட்ட சரிவுகளுக்கு மேல் கூட்டுடைமைப் பலகை மாட்டினால், இருபது லோகாசி வைத்திருப்பவனும் ஒன்றும் இல்லாதவனும் ஒரே பெயருக்குள் மறைந்துபோவார்கள். மறுபக்கம், 2017இலிருந்து லட்சக்கணக்கில் விநியோகித்துவருகிற தனிப்பட்டாக்கள் வைத்திருப்பவனுக்குத்தான் வைத்திருப்பதை உறுதி செய்யும். இரண்டுமே இழந்தவனைக் காண்பதில்லை.

மரமும் ஏமாற்றியது. 2000களில் சுலவேசி முழுக்கக் கோகோவைக் காயழுகலும் துளைப்பானும் தண்டுக்காய்ச்சலும் தாக்கின. 2009இல் மரங்களைப் புதுப்பிக்க ஒரு தேசியத் திட்டமே தொடங்கவேண்டியதாயிற்று. பலர் வெட்டிவிட்டு வேறு பயிருக்கு மாறினார்கள். 2024இல் உலகச் சந்தையில் கோகோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியபோது இந்தோனேசியாவின் விளைச்சல் பழைய உயரத்திலிருந்து வெகுவாக இறங்கியிருந்தது. கடனுக்கு மரத்தை விற்றவனுக்கும் நோய்க்கு மரத்தை வெட்டினவனுக்கும் அந்த விலையில் பங்கு இல்லை.

இழந்தவர்களின் பக்கமிருந்து யோசித்தால் கேள்விகள் இடம் மாறுகின்றன. கிராமத்தை எப்படிக் காப்பது, எப்படி முன்னேற்றுவது என்கிற கேள்விகளுக்குக் கிராமத்தில் நிலமும் சபையில் குரலும் உள்ளவர்கள்தான் பதில் சொல்கிறார்கள். மிச்சமிருப்பவர்கள் கேட்பது எளிமையானது: உழ இடமில்லை, வேறெங்கும் வேலையுமில்லை, அப்போ நாங்க எதைத் தின்று உயிரோட இருக்கிறது? இதற்கு உற்பத்தியைப் பெருக்குவது பதில் ஆகாது. 2005இல் எரிபொருள் மானியத்தை வெட்டியபோது இந்தோனேசிய அரசு ஏழைகளுக்கு நிபந்தனையில்லாமல் பணம் கொடுத்தது. இடதுசாரிகள் அதைப் பிச்சை என்றார்கள். நிபுணர்கள் சோம்பேறித்தனத்தை வளர்க்கும் என்றார்கள். உழைப்பே உரிமை என்று இரண்டு தரப்பும், லௌஜே பாட்டனைப் போலவே, நம்பியது. உழைப்புக்கு ஆள் வேண்டாத ஒரு பொருளாதாரத்தில், உழைத்தால்தான் சோறு என்கிற அறம் யாருக்கு எதிராகத் திரும்புகிறது என்று மலையில் பார்த்துவிட்டோம். தேசத்தின் செல்வத்தில் பங்கு கேட்பதற்கு உழைப்பைத் தவிர வேறொரு அடிப்படையைக் கண்டடையவேண்டும். பங்கு என்பது சலுகையாக இல்லாமல் உரிமையாகக் கேட்கப்படவேண்டும். அதோடு 1960இலிருந்து சட்டப்புத்தகத்தில் தூங்குகிற நில உச்சவரம்பையும் எழுப்பவேண்டும். அதை யார் எழுப்புவது என்பது தனிக் கேள்வி. அறுபது வருஷத்துக்கு முன்னால் எழுப்பப் போனவர்களின் சவக்குழிகளை முறையாகத் தோண்டிப் பார்க்கக்கூட அந்த நாடு இன்னும் முன்வரவில்லை.

நம்மூரில் கிராமத்தைத் தூய்மையான மரபாகப் பேசுகிறவர்களும், தூய்மையான பின்தங்கலாகப் பேசுகிறவர்களும் இந்த மலையை ஒருதரம் ஏறிப் பார்ப்பது நல்லது. வேலியை யாரோ வெளியாள் போட்டான் என்று நிரூபிக்க முடிந்தால் நமக்கு நிம்மதி. அது முடியாத இடத்திலும் வேலி வேலிதான். அதற்கு வெளியே நிற்கிறவர்களுக்கு யார் போட்டது என்பதைவிட எப்படிப் பிடுங்குவது என்பதே அவசரம்.